விக்கிரமங்கலத்துப் பந்தியில் என் போன்

பெரம்பலூர், அரியலூர் இரண்டு ஜில்லாவிலும் டவரால் கண்டுபிடிக்க முடியாத செல்போன் ஒன்று இருக்கிறதென்றால், அது இன்னும் தொலையவே இல்லை என்று அர்த்தம்.

டவர் என்பது ஆள். அரியலூரில் நான் வேலை பார்த்த லாரி புக்கிங் ஆபீஸில் அடுத்த மேஜைக்காரர். ஆறடிக்கு மேல் உயரம். சிக்னல் கிடைக்காவிட்டால் போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி நிற்பார். அந்தக் கோலத்தில் ஒட்டிக்கொண்ட பெயர். அவருடைய நிஜப் பெயரை அவர் வீட்டம்மாவாவது ஞாபகம் வைத்திருப்பார் என்று நம்புகிறேன்.

தொலைந்த போனை மேப்பில் புள்ளியாகப் பார்த்துத் துரத்துவது அவருக்குப் பொழுதுபோக்கு இல்லை, வியாதி. ஆபீஸ் லாரி எங்கே நிற்கிறது என்று கேட்டால் தெரியாது. ஆனால் முதலாளியின் போனை முதலாளி வீட்டு ஃபிரிட்ஜிலேயே, தயிர்ச்சட்டிக்குப் பின்னாலிருந்து எடுத்துக் கொடுத்தவர்.

ஆரம்பத்தில் அவருக்கு வேகம் அதிகம். ஜெயங்கொண்டத்தில் ஒரு தடவை, புள்ளியை நம்பி ஒரு வீட்டுக்குள் புகுந்து பீரோவையே திறந்துவிட்டார். போன் இருந்தது பக்கத்து வீட்டில். அந்த வீட்டு அம்மா விளக்குமாற்றை எடுத்ததும் டவருக்கு ஞானம் வந்தது. "புள்ளி தெருவைத்தான் சார் காட்டும். வூட்டுக்குள்ள போறதுக்கு அது லைசென்ஸ் இல்ல" என்று முதுகைத் தடவிக்கொண்டே சொன்னார்.

இன்னொரு நாள் ஒருவர் ஆபீஸுக்கே தேடி வந்தார்.

"அண்ணே, போன் ஒண்ணு தொலைஞ்சிருச்சு. எங்க இருக்குன்னு பாத்துச் சொல்லுங்க."

"யாரு போனு?"

"வூட்டுக்காரி போனு."

"அவங்க எங்க?"

"அதத்தாண்ணே பாக்கணும்."

"போன் அவங்க கையிலதானே இருக்கு?"

"ஆமா."

"அப்ப தொலைஞ்சது போன் இல்ல தம்பி, நீங்க. வூட்டுக்குப் போங்க, அவங்களே வந்து கண்டுபிடிப்பாங்க."

வந்தவர், அவருக்கென்று சொல்லிவைத்த டீயைக்கூடக் குடிக்காமல் போனார். அதை நான் குடித்தேன்.

இப்படிச் சிரித்துக்கொண்டிருந்த எனக்கே ஒரு நாள் வந்தது. பெரம்பலூரிலிருந்து பஸ்ஸில் வந்து அரியலூரில் இறங்கினால் சட்டைப்பையில் போன் இல்லை.

போன் போனால் இன்னொன்று வாங்கலாம். உள்ளே இருந்ததுதான் பிரச்சினை. முடி வளரும் எண்ணெய் ஒன்று வாங்கியிருந்தேன். வாராவாரம் உச்சந்தலையைப் படம் எடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள் என்று பாட்டிலில் போட்டிருந்தது. மெனக்கெட்டு எடுத்தேன். ஒப்பிட்டால் முதல் படத்தில்தான் முடி அதிகம். அந்தப் படங்கள் ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்புக்கு வந்தால் நான் ஊரை மாற்ற வேண்டியதுதான். போனில் பூட்டு உண்டு. ஆனால் பூட்டு எண், நான் பிறந்த வருஷம்.

"உள்ள என்ன சார் இருக்கு?" என்றார் டவர்.

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாததுக்கா இப்படி வேர்க்குது? ஸ்டேஷன்ல ஒரு கம்ப்ளெயிண்ட் குடுத்துரலாம் சார். உள்ள என்ன இருந்துச்சுன்னு அவங்களும் கேப்பாங்க."

"நாமளே போயிட்டு வந்துரலாம்" என்று எழுந்துவிட்டேன்.

அவருடைய போனில் என் கணக்கைத் திறந்து பாஸ்வேர்டு போடும்போது, டவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். புள்ளி விக்கிரமங்கலத்தில் நின்றது.

அவர் பைக்கில் போய் இறங்கினால், புள்ளி நின்ற இடத்தில் வாழைமரம் கட்டிய பந்தல். காதுகுத்து. உள்ளே ஊரே உட்கார்ந்திருக்கிறது. சும்மா எட்டிப் பார்ப்போம் என்று ஓரமாக நின்ற எங்களைச் சந்தனம் பூசிய பெரியவர் பிடித்துவிட்டார்.

"இப்பதான் வரீங்களா? கடைசிப் பந்தி ஓடுது. வாங்க, வாங்க!"

யார் என்றுகூடக் கேட்கவில்லை. அடுத்த நிமிஷம் இலை முன்னால் இருந்தோம். துப்பறிய வந்த டவர் இரண்டாம் தடவை பாயசம் கேட்டு வாங்கினார். நானும் விடவில்லை.

கை கழுவியதும், "மேப்புல அந்தச் சத்தம் வர்ற பட்டனை அமுக்குங்க. என் போன் சைலண்ட்ல இருந்தாலும் கத்தும்ல?" என்றேன்.

டவர் அசையவில்லை. "இந்த வூட்டுச் சோத்தைத் தின்னுட்டேனே சார்."

"அதுக்கு?"

"ஊருசனம் பூரா இருக்கு. எவன் மடியிலேருந்து கத்துதோ, அவன் ஆயுசுக்கும் திருடன். அவன் புள்ளை பள்ளிக்கூடத்துலயும் திருடன் மவன். உங்க போனுக்கு அவ்வளவு வெலையா?"

என் மண்டைக்கு அவ்வளவு விலை உண்டு என்று வாய்வரை வந்தது, அடக்கிக்கொண்டேன்.

டவர் பந்தலுக்கு வெளியே போய், தொலைந்த போனின் திரையில் தெரிகிற மாதிரி ஒரு சேதி அடித்தார்: 'அண்ணே அல்லது அக்கா, வாசல்ல வெத்தலைத் தட்டு இருக்கு. அதுல வெச்சிட்டுப் போயிருங்க. நாங்க பாக்க மாட்டோம்.'

அடித்துவிட்டு என் தோளைப் பிடித்துத் திருப்பி, ரோட்டைப் பார்க்க நிற்கவைத்தார். கழுத்து தானாகத் திரும்பியது.

"சார், பாக்க மாட்டோம்னு எழுதிருக்கேன். என் வாக்கைக் கெடுத்துராதீங்க."

எதிரே ஒரு ஆடு சுவரொட்டியைத் தின்றுகொண்டிருந்தது. வாழ்க்கையில் நான் இவ்வளவு கவனமாகப் பார்த்த ஆடு வேறு இல்லை. அது போஸ்டரை முழுசாக முடித்த பிறகுதான், "இப்பத் திரும்புங்க" என்றார்.

தட்டில், வெற்றிலைக் கட்டுக்கடியில் என் போன். பூட்டு திறந்த அடையாளமே இல்லை. நான் பந்தக்காலைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். சந்தனப் பெரியவர் ஓடிவந்து, "பாயசம் ஒத்துக்கலீங்களா?" என்றார்.

திரும்பும் வழியில் டீக்கடையில் நிறுத்தி, "உங்க கணக்கை என் போன்லேருந்து எடுத்துருங்க சார்" என்று தன் போனை நீட்டினார். நான் வாங்குவதற்குள் திரை தானாக விழித்துக்கொண்டது. 'போன வருஷம் இதே நாள்' என்று என் கணக்கிலிருந்து ஒரு படம்: திரை நிறைய, பளபளவென்று, என் உச்சந்தலை.

டவர் சடாரென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். "வெயில்ல கண்ணு கூசுது சார்."

வானம் முழுக்க மேகம். தூறல்கூட விழுந்துகொண்டிருந்தது.

அதற்கப்புறம் எத்தனையோ மத்தியானம் சேர்ந்து சாப்பிட்டோம். அவர் அதைப் பற்றி மூச்சு விட்டதில்லை. இப்போது நான் வேறு ஆபீஸ். யார் நம்பரும் எனக்கு மனப்பாடம் கிடையாது, வீட்டு நம்பர் உட்பட எல்லாம் போனுக்குள்தான். டவர் நம்பர் மட்டும், மேலே ஒன்றும் முளைக்காத இந்தத் தலைக்குள்ளேயே இருக்கிறது.