வாத்தியார் சுத்து

கழுதையின் பின்னால் நடப்பது சுலபமான வேலை என்று நினைக்கிறவர்கள் அதைச் செய்து பார்த்திருக்க மாட்டார்கள். நான் செய்து பார்த்திருக்கிறேன். ஒழுங்காகச் செய்யவில்லை என்பதற்கு வத்தல்மலைச் சரிவில் ஒரு நாவல் மரத்தைச் சுற்றி இன்றும் அத்தாட்சி இருக்கிறது.

யுத்தம் ஆரம்பிப்பதற்குக் கொஞ்ச காலம் முன்பு நடந்தது. எனக்கு இருபத்திரண்டு வயது. சொந்த ஊர் இண்டூர், உத்தியோகம் மலையடிவாரத்துப் பள்ளிக்கூடத்தில். அங்கே நான் ஒருவன்தான் வாத்தியார். நான் சொன்னதை மறுத்துப் பேச ஆளில்லாததால், எனக்குத் தெரியாத விஷயம் உலகத்தில் குறைவு என்ற முடிவுக்கு வந்திருந்தேன்.

மேலே உள்ள மலையூர்களும் கீழே பள்ளிக்கூடம் இருந்த ஊரும் சேர்ந்து ஒரு மலைப்பாதைச் சங்கம் வைத்திருந்தார்கள். கூலி கிடையாது. புதன்கிழமைதோறும் வீட்டுக்கு ஒருவர் மண்வெட்டியோடு வரவேண்டும். வரமுடியாத வீட்டார் களிக்கு மாவு அனுப்பவேண்டும். முள் வெட்டுவது, மழை அரித்த இடத்தில் கல் அடுக்குவது எல்லாம் இப்படித்தான் நடந்தது. மனு எழுதத் தெரிந்தவன் என்று என்னைக் காரியதரிசி ஆக்கினார்கள். (காரியதரிசி கடப்பாரையைத் தொடக்கூடாது என்பது நானாகப் போட்டுக்கொண்ட விதி.)

முந்தின வருஷத்து மழை பழைய பாதையை ஓடையோடு கொண்டுபோய்விட்டது. புதுப்பாதை வெட்டக் காட்டிலாகா ரேஞ்சர் சம்மதித்தார், ஒரு நிபந்தனையோடு. வழியைச் சுண்ணாம்பால் கோடு போட்டுக் காட்டவேண்டும், அவர் ஒருதரம் பார்த்துக் கையெழுத்துப் போடுவார், அதற்குப் பிறகு ஓர் அடி கூட இந்தப்பக்கம் அந்தப்பக்கம் நகரக்கூடாது.

அந்தக் கோட்டை யார் தீர்மானிப்பது? மலைக்காரர்களுக்கு அதில் சந்தேகமே இல்லை. கழுதைதான். மேலே பழகிய கழுதையின் முதுகில் மூட்டையேற்றி, அடிவாரத்தில் விட்டுவிடுவார்கள். அது வீடு போய்ச் சேர மூச்சு வாங்காத வழியாகப் பார்த்து ஏறும். அந்தத் தடத்தில் பாதை வெட்டினால் கர்ப்பிணியும் ஏறலாம். பின்னாலேயே போய்த் தடத்தில் சுண்ணாம்பு தூவுவது மட்டுமே மனிதனின் பங்கு.

இந்த மனிதன் வேலையை நான் வலியக் கேட்டு வாங்கினேன். காரணம், சங்கத் தலைவர் காளியப்பன். எங்களுக்குத் தூரத்து உறவு, மாமா முறை. அவருடைய மகள் பொன்னம்மாளைக் கேட்டு என் வீட்டிலிருந்து ஆள் போயிருந்தது. அவர் மறுக்கவில்லை, ஒப்புக்கொள்ளவும் இல்லை. பாடம் நடத்துவது சரி, தனியாக ஒரு காரியத்தை முடிப்பானா என்று பார்க்கவேண்டும் என்று சொல்லியனுப்பியிருந்தார். ஆக, அந்தக் கழுதையின் முதுகில் இருந்தது உப்பு மூட்டை மட்டுமல்ல, என் கல்யாணமும்தான்.

கழுதையின் பெயர் சாம்பி. அதன் சொந்தக்காரி வெள்ளச்சி, மலையில் சாமை பயிரிடுகிறவள், சங்கத்தில் யாருக்கும் பயப்படாத ஒரே ஆள். சாம்பியை அவிழ்த்துவிடும்போது எனக்கு மூன்றே விஷயம் சொன்னாள்.

"அதட்டாதீங்க வாத்தியாரே. முன்னால போவாதீங்க. திங்கறது எதையும் கையில வச்சிக்காதீங்க."

ஏழாம் வாய்ப்பாட்டையே தலைகீழாகச் சொல்லக்கூடிய எனக்கு இதெல்லாம் ஒரு பாடமா என்று தலையாட்டினேன். ஜிப்பாப் பையில் அப்போதே இரண்டு கை வறுத்த கடலைக்காய் இருந்தது. கையில்தானே கூடாது என்றாள்.

அடிக்கொரு தரம் குனிந்து சுண்ணாம்பு தூவுவது உத்தியோகஸ்தனுக்கு அழகில்லை என்று, சுண்ணாம்பு மூட்டையின் அடியில் ஓர் ஓட்டை போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டேன். நடக்க நடக்கக் கோடு தானாக விழுந்தது. என் மூளையை எண்ணி எனக்கே வியப்பாக இருந்தது.

பாதி மலை வரை சாம்பி முன்னால், நான் பின்னால். அங்கே எனக்குப் பசித்தது. நான்கு கடலையை உடைத்து வாயில் போட்டேன். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்பார்கள். கடலை வாசனை நன்றாகத் தெரியும். சாம்பி நின்றது, திரும்பிப் பார்த்தது, அப்படியே நின்றுகொண்டது. களைத்துவிட்டது போலிருக்கிறது, நாம் கொஞ்சம் முன்னால் போவோம் என்று நடந்தேன். அதுவும் வந்தது. இடது பக்கம் திரும்பினேன், அதுவும் திரும்பியது. நான் தேர்ந்தெடுத்த வழியையே அதுவும் தேர்ந்தெடுப்பதைக் கண்டு எனக்கு என்மீது மரியாதை கூடிப்போயிற்று.

பிறகு அந்த நாவல் மரம் வந்தது. ஆடி மாதம். கீழெல்லாம் பழம் கொட்டிக் கிடந்தது. நல்ல பழமாகப் பொறுக்கியபடி மரத்தை ஒரு முழுச் சுற்றுச் சுற்றி வந்தேன். சாம்பியும் சுற்றியது. தோளில் மூட்டை இருப்பதோ, அதில் ஓட்டை இருப்பதோ என் நினைவில் இல்லை. மேலே ஊர் தெரிந்ததும் சாம்பி என்னை முந்திக்கொண்டு வீட்டுக்கு ஓடியது. வேலை முடிந்தது என்று ஊதா நிற நாக்கோடு அறிவித்தேன்.

ரேஞ்சர் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். மரத்தடியில் மட்டும் சற்று நின்று யோசித்துவிட்டுப் போனார். ஆவணியில் வேலை ஆரம்பமாயிற்று. அந்தப் பகுதி பங்காக விழுந்த மலையூர்க்காரர்கள் என்னிடம் வந்து, கோடு மரத்தைச் சுற்றிவிட்டுப் புறப்பட்ட இடத்துக்கே வருகிறதே என்று மரியாதையாகக் கேட்டார்கள். எனக்கு அப்போதுதான் சுருக்கென்றது. உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் பொன்னம்மாள் போய்விடுவாள். ஏற்றம் தணிவதற்காக வளைவு என்று ஒரு பாடம் நடத்தினேன். கழுதை சுற்றினால் காரணம் இருக்கும் என்று அவர்களும் போய்விட்டார்கள். ஒன்றுக்கும் உதவாத அந்த வட்டத்துக்கு மூன்று புதன்கிழமை கல் சுமந்தார்கள். அதை நினைத்தால் இன்றும் எனக்கு வெட்கமாக இருக்கிறது, இதில் வேடிக்கை எதுவும் இல்லை.

புரட்டாசியில் பாதை திறந்தோம். வழக்கப்படி முதல் மூட்டையோடு சாம்பி முன்னால் போயிற்று. பின்னால் மாமா, நான், மோர்ப்பானையோடு பொன்னம்மாள், அப்புறம் ஊர் ஜனம். நாவல் மரத்தருகே சாம்பி வட்டத்துக்குள் போகவே இல்லை. நேராக இரண்டு எட்டு வைத்து, வட்டத்தைத் தாண்டி மேலே தொடரும் பாதையில் ஏறி நின்றுகொண்டு, எங்களைத் திரும்பிப் பார்த்தது. அறுபது பேர் மரத்தைச் சுற்றி நடந்துகொண்டிருந்தோம். ஒரு வெற்றிலை போடும் நேரம் நடந்து, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தோம்.

சாம்பி இறங்கி வந்து, அத்தனை பேரையும் விட்டுவிட்டு என்னிடம் வந்து, என் ஜிப்பாப் பைக்குள் மூக்கை விட்டது. (அன்றைக்கும் கடலைக்காய் இருந்தது. பழக்கதோஷம்.)

வெள்ளச்சி பையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"வாத்தியாரே, அன்னிக்கி யாரு பின்னால யாரு போனது?"

மறுபடியும் ஒரு பாடம் நடத்த வாயைத் திறந்தேன். கல் சுமந்தவர்கள் எல்லாரும் எதிரே நின்றார்கள்.

"அதுதான் என் பின்னால வந்துச்சுங்க," என்றேன்.

மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மேலே நடந்தார். சம்பந்தம் அவ்வளவுதான் என்று எனக்குப் புரிந்தது. கையெழுத்தான கோட்டை மாற்ற ரேஞ்சரும் சம்மதிக்கவில்லை. சங்கம் கூடி, அந்த வட்டத்தைப் பராமரிக்கும் வேலையைக் காரியதரிசிக்கே ஒதுக்கியது. புதன்தோறும் நான் கடப்பாரையைத் தொட்டேன். யாரும் நடக்காத பாதையில் முளைக்கும் புல்லைச் செதுக்குவது தனி அனுபவம்.

தை மாதம் மாமா வீட்டிலிருந்து ஆள் வந்தது. மகளிடம், இந்த வாத்தியாரை மறந்துவிடு என்று அவர் சொன்னாராம். அவள் சொன்ன பதில் அதன் பிறகு எங்கள் உறவில் எல்லாருக்கும் மனப்பாடம்.

"கழுதைக்கே இவரு பின்னால போவலாம்னு தோணியிருக்குதுங்கப்பா. எனக்கென்ன கொறச்சல்?"

மணமேடையைச் சுற்றி வரும்போது வெள்ளச்சி கூட்டத்திலிருந்து, மாப்பிள்ளைக்குச் சுற்றுவது பழக்கம்தான் என்று சொன்னதும், ஐயர் மந்திரத்தை விட்டுவிட்டுச் சிரித்ததும் தனிக்கதை. அந்த வட்டத்துக்கு 'வாத்தியார் சுத்து' என்று பெயர் நிலைத்துவிட்டது. மலையேறும் புது ஆட்களிடம், அதற்குள் போகாதீர்கள் என்று சொல்வதற்காகவே அது பயன்படுகிறது.

இத்தனை வருஷம் ஆகியும், எங்கே புறப்பட்டாலும் பொன்னம்மாள் வாசலில் என்னை நிறுத்தி, சட்டைப் பையைத் தட்டிப் பார்க்கிறாள். கடலை இருந்தால்தான் பின்னால் வருகிறாள்.