கிளட்ச் அக்காவின் ஆவாரஞ்செடி

பெங்களூரில் ஒழுங்காகக் கார் ஓட்டுகிற எல்லோரும் கிளட்ச் அக்காவிடம் படித்தவர்கள். அவரிடம் படித்தும் ஒழுங்காக ஓட்டாதவன் நான் ஒருவன்தான்.

நீலசந்திராவில் டிரைவிங் ஸ்கூல் வைத்திருந்தார். என்னைவிட இளையவர். ஆனால் கிளட்ச்சை விடச்சொல்லி அவர் போடும் அதட்டலில், ரிட்டையர் ஆனவர்கள்கூட அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். ரிவர்ஸ் பழக ஒரு காலிமனை இருந்தது. மற்ற ஸ்கூல்களில் எல்லைக்குப் பிளாஸ்டிக் கோன் வைப்பார்கள். அக்கா விதை போட்டு ஆவாரஞ்செடி வளர்த்திருந்தார்.

"கோன்னா ஏத்திட்டுப் போயிடுவாங்க சார். உசுருன்னா பிரேக் புடிப்பாங்க."

முதல் வாரமே நான் ஏற்றினேன். அக்கா இறங்கிப் போய்ச் செடியை விசாரித்தார், என்னை விசாரிக்கவில்லை. முறிந்த கிளைகளை அடியோடு வெட்டிவிட்டு, மறுபடி ரிவர்ஸ் எடுக்கச் சொன்னார்.

மனசு கேட்காமல் மறுநாளிலிருந்து கேனில் தண்ணீர் சுமந்துபோய் ஊற்றினேன். தெருவே டேங்கருக்குக் காத்துக் கிடந்த கோடை அது. எல்லோரும் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். அக்கா மட்டும் பொறுமையாகச் சொன்னார்.

"வேர் புடிச்ச ஆவாரைக்கு மழையே போதும் சார். அது தண்ணி கேக்கல. உங்கள ஸ்வல்பம் தள்ளி நிக்கத்தான் சொல்லுது."

தள்ளி நின்றேன். துளிர்த்தது. மழைக்குப் பிறகு மஞ்சளாகப் பூத்துக் குலுங்கி, பட்டாம்பூச்சிகளும் கட்டைவிரல் பருமனில் கருவண்டுகளும் வர ஆரம்பித்தன. மற்றவர்கள் செல்ஃபி எடுத்தார்கள். நான் வண்டுக்குப் பயந்து கார்க் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, வேர்த்து வழியப் பழகினேன்.

ஒருநாள் கண்ணாடியை ஏற்ற மறந்துபோனேன். ரிவர்ஸில் வரும்போது ஒரு வண்டு உள்ளே வந்து ஸ்டியரிங்கில் உட்கார்ந்தது. கதவைத் திறந்து குதித்துவிட்டேன். வண்டி மட்டும் கடமை தவறாமல் செடியை நோக்கிப் போனது. அக்கா தன் பக்கத்துப் பிரேக்கை மிதித்து நிறுத்தியபோது, செடிக்கும் பம்பருக்கும் நடுவே ஒரு சாண் இருந்தது. வண்டு தன்பாட்டுக்குப் பறந்து போனது.

"நம்ம மூணு பேர்ல அது ஒண்ணுதான் சார் பதறல" என்றார்.

லைசென்ஸ் டெஸ்டில் ஒருமுறை தோற்று, அடுத்த முறை தேறினேன். அக்காவிடம் சொல்லப் போனபோது சாவியைக் கையில் கொடுத்து, தனியாக ரிவர்ஸ் எடுத்துக் காட்டச் சொன்னார். பக்கத்து சீட்டில் ஆளில்லை. பிரேக் போட வேறு காலும் இல்லை. அக்கா நேரே போய்ச் செடிக்கு முன்னால், என் வண்டிக்குப் பின்னால் நின்றுகொண்டு, வரச்சொல்லிக் கையசைத்தார்.

ரியர்வியூ கண்ணாடியில் மஞ்சள் பூக்களும் அவர் முகமும் தெரிந்தன. இந்த ஊரில் அவ்வளவு மெதுவாக யாரும் கார் ஓட்டியிருக்க மாட்டார்கள்.