எண்ணூறு வாட்ஸும் ஜன்னல் மூலையும்

ஒரு பொருளையாவது மனைவியைக் கேட்காமல் வாங்கிவிடுவது என்று குமாஸ்தா தீர்மானித்தார். தீர்மானம்தான் பெரியது, பொருள் ஒரு சின்னப் பெட்டி. தம் கையாலேயே பாகம் பாகமாகப் பூட்டிக்கொண்டிருந்த கம்ப்யூட்டருக்கு மின்சாரம் கொடுக்கும் பவர் சப்ளை.

மனைவிக்கு வேலை மோட்டார் பட்டறைக்கு வீட்டிலிருந்தே காயில் சுற்றிக் கொடுப்பது. செம்புக் கம்பியோடு இருபது வருஷப் பழக்கம். பெட்டியை ஒரு கையால் தூக்கிப் பார்த்தாள்.

"ஏங்க, உள்ள ஏதாவது இருக்கா?"

"எண்ணூறு வாட்ஸ் இருக்கு!"

"எங்க போட்டிருக்கு?"

"இதோ, கொட்டை எழுத்துல."

"எண்ணூறுன்னு இருக்கு. வாட்ஸ்னு இல்லையே? அது மாடல் பேருங்க. கீழ பொடி எழுத்துல முந்நூறு வாட்ஸ்னு இருக்கு பாருங்க."

"சும்மாவா அப்படிப் பேரு வைப்பான்?"

"உங்களுக்கும்தான் வீரன்னு அர்த்தம் வர்ற பேரா வெச்சாங்க. நேத்து பல்லியைப் பாத்துக் கட்டில் மேல ஏறினது யாரு?"

குமாஸ்தாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "இது ஓடும். என்ன பந்தயம்?"

பந்தயத்துக்கு ஒரே ஒரு பொருள்தான் இருந்தது: கூடத்து ஜன்னல் மூலை. வீட்டில் நல்ல வெளிச்சம் விழும் இடம் அது ஒன்றுதான். இருட்டு நடையில் மேசை போட்டு, முடி போன்ற கம்பியை மூன்று வருஷமாகக் கண்ணைக் கசக்கிக்கொண்டு சுற்றுகிறாள் அவள். அந்த மூலையில்தான் இவர் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து வைத்திருந்தார்.

"சரிங்க. உங்க எண்ணூறு ஒரு வாரம் மக்கர் பண்ணாம வேலை பாத்தா மூலை உங்களுக்கு. இல்லைன்னா எனக்கு."

கம்ப்யூட்டர் ஓடியது. ஒரு முணுமுணுப்பு இல்லை, ஒரு சூடு இல்லை. குமாஸ்தாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. அந்த வாரத்தில் அவருக்கு இருந்த ஒரே குறை, சமையலறைக் கதவு சாத்திக்கொள்ளாமல் மனைவி முட்டுக் கொடுத்து வைத்திருந்த துணி மூட்டைதான். இரண்டு தடவை காலில் இடித்துக்கொண்டார். நல்லவேளை, கனமில்லை; இரண்டு தடவையும் அதுதான் உருண்டது.

எட்டாம் நாள், சாட்சிக்கு மச்சானை அழைத்து, ஸ்க்ரூவைக் கழற்றி, கம்ப்யூட்டரின் மூடியைத் திறந்தார்.

"எண்ணூறைப் பாருங்க மச்சான்!"

மச்சான் குனிந்தார். "அத்தான், இதுல ஐந்நூத்தம்பது வாட்ஸ்னுல்ல போட்டிருக்கு?"

குமாஸ்தா திரும்பினார். மனைவி காயிலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"முதல் நாளே மாத்திட்டேன். பாவம், ரெண்டு மாசமா ராப்பகலாப் பூட்டினீங்க. அது எரிஞ்சுபோனா உங்க முகத்தை யார் பாக்கறது?"

"அப்ப என்னோடது?"

அவள் சமையலறைக் கதவைக் காட்டினாள். குமாஸ்தா ஓடிப்போய்த் துணியைப் பிரித்தார். கொட்டை எழுத்தில் எண்ணூறு.

ஆனாலும் குமாஸ்தா மூளை சட்டப் பாயின்ட் ஒன்றைப் பிடித்துவிட்டது.

"நில்லு! 'வேலை பாத்தா'ன்னுதானே சொன்னே? என்ன வேலைன்னு சொன்னியா? ஒரு வாரம் கதவைத் தாங்கிச்சுல்ல? மக்கர் பண்ணிச்சா? மூலை எனக்குத்தான்!"

மச்சான்கூட ஒரு கணம் யோசித்தார். மனைவி எழுந்து போய் ஜன்னலைத் திறந்தாள்.

காற்று வந்தது. கதவு மெல்ல நகர்ந்து, எண்ணூறையும் தள்ளிக்கொண்டே போய்ச் சாத்திக்கொண்டது.

"மச்சான்," என்றார் குமாஸ்தா, "கம்ப்யூட்டர் மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு கை பிடிங்க."