சம்மந்தியை ரன்அவுட் ஆக்கியவனின் விண்ணப்பம்

மருதமுனை,
வெள்ளிக்கிழமை.

என் மரியாதைக்குரிய ஸமட் காக்கா அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீங்களும் மதினியும் தெஹிவளையில் மகள் வீட்டில் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்களும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், பேனா ஒத்துக்கொள்ளவில்லை. வாட்ஸ்அப் இருக்கக் கடிதம் எதற்கு என்று யோசிப்பீர்கள். போனமுறை என் மூட்டுவலியைப் பற்றி உங்களுக்கென்று பேசி அனுப்பியது குடும்பக் குறூப்பில் போய் விழுந்து, தெரியாத சனமெல்லாம் எனக்கு வைத்தியம் சொன்னது. இந்த விஷயமும் அப்படிப் போனால் நான் கடலில்தான் இறங்க வேண்டும். விஷயம் என்னவென்றால், என் மகள் அம்ஹாவின் கலியாணம் என் கையால் கெட்டுப்போகும் நிலையில் இருக்கிறது. கையால் என்றால் உண்மையாகவே கையால். வலது கை.

ஒரு பந்தில் தொடங்கியது இது. கமநல சேவை நிலையத்திலிருந்து ஓய்வு பெற்ற நாள் முதல் நான் எங்கே உட்கார்ந்தாலும் என் வீட்டுக்காரி மைமூனாவுக்கு அந்த இடத்தைத்தான் கூட்ட வேண்டியிருந்தது. அப்படி முற்றத்துக்கும் அறைக்குமாக நான் இடம் மாறிக்கொண்டிருந்த ஒரு பின்னேரம், குசினிக் கூரைத் தகட்டின் ஓட்டையால் ஒரு ரெனிஸ் பந்து வந்து அடுப்பில் கொதித்த மீன் ஆணத்துக்குள் விழுந்தது. பந்தைக் கழுவி எடுத்துக்கொண்டு, ஏச வேண்டியதையெல்லாம் வழியிலேயே ஒழுங்குபடுத்திக்கொண்டு, கடற்கரை மைதானத்துக்குப் போனேன். அங்கே நின்றது பொடியன்மார் இல்லை காக்கா. என் வயதுக்காரர், தாடி நரைத்து, வயிறு முன்னுக்கு வந்து, ஐம்பது தாண்டியவர்களின் மென்பந்துப் போட்டிக்குப் பயிற்சி எடுக்கிறார்களாம். ஒருவர், "பந்தத் தாங்க மச்சான், ஏசுறத பொறகு ஏசுங்க" என்றார். கொடுக்கத்தான் நினைத்தேன். ஆனால் சாரத்தை மடித்துக் கட்டியது எப்போது, ஓடியது எப்போது என்று தெரியாது, நடு ஸ்டம்ப் விழுந்து கிடந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு அழுகை வந்துவிட்டது.

நம் நிந்தவூர் நாட்கள் உங்களுக்கு மறந்திருக்காது. அறுவடை முடிந்த வயலில் வெறுங்காலோடு ஓடி, வைக்கோல் தாள் குத்திப் புண்ணான பாதத்தோடு வீட்டுக்குப் போய் வாப்பாவுக்குத் தெரியாமல் காலை மடித்துக்கொண்டு சாப்பிட்டோம். நீங்கள் கப்டன், நான் வேகப்பந்து, உங்கள் கூட்டாளி மீராசாஹிபு மட்டை. பந்து போடுபவனின் கையை விட்டுப் பந்து போவதற்கு முன்பே மீராசாஹிபு மறுமுனையிலிருந்து பாதித்தூரம் ஓடிவிடுவார். "பாங்கு சொல்ல முந்தித் தொழுறவன்டா நீ" என்று நீங்கள் ஏசுவீர்கள். பிறகு நான் இந்த ஊருக்கு மாப்பிள்ளையாக வந்தேன். பெண் வீட்டுக்குப் போய் வாழ்வதுதானே நம் பக்கத்து மாப்பிள்ளைகளின் தலையெழுத்து. வந்த வாரமே மைதானத்தின் ஓரத்தில் நின்று பார்த்ததற்கு, "மாப்பிள்ளைக்கு வெயில் படும்" என்று மாமா குடையோடு ஆள் அனுப்பினார். அந்தக் குடைக்குள்ளேயே முப்பது வருஷம் நின்றுவிட்டேன். நிந்தவூருக்கு விளையாட நான் நிந்தவூரான் இல்லை, மருதமுனைக்கு விளையாட நான் வீட்டு மாப்பிள்ளை. ஒருவரும் என்னைத் தடுக்கவில்லை காக்கா, ஒருவரும் கூப்பிடவும் இல்லை.

ஆகவே இவர்கள் கூப்பிட்டபோது என்னால் இருக்க முடியவில்லை. குசினியில் வெங்காயத்தை எடுத்துச் சுழற்றிப் பார்த்தேன், தேசிக்காயைச் சுவரில் எறிந்து பிடித்தேன், இடுப்பு பிடித்துக்கொண்டது. மைமூனா தைலம் பூசிக்கொண்டே, "பேரப்புள்ள தூக்குற வயசில பந்தத் தூக்கிக்கிட்டுத் திரியிறீங்களே, சம்மந்தி ஊட்டார் கேட்டா நான் என்ன சொல்ற?" என்று முதுகில் கொஞ்சம் பலமாகவே அழுத்தினாள். அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. அம்ஹாவுக்குப் பேசியிருக்கும் மாப்பிள்ளை அஸ்கி, அதே மீராசாஹிபுவின் மகன். தங்கமான பிள்ளை. அம்ஹாவுக்கும் பிடித்திருக்கிறது. அது அவள் வாயால் சொன்னதில்லை, நிந்தவூர் பஸ் ஹோர்ன் கேட்டாலே அவள் முகம் சொல்லும். வீட்டை அவள் பெயருக்கு எழுதிவிட்டோம், நானும் மைமூனாவும் பின்பக்க அறைக்குப் போகப் பெட்டிகளைக் கட்டத் தொடங்கிவிட்டோம், நாள் குறிப்பது மட்டும்தான் மிச்சம்.

போட்டியில் எங்களுக்கு யார் எதிரணியாக வந்தார்கள் என்று நான் சொல்லவும் வேண்டுமா? நிந்தவூர். கப்டன் மீராசாஹிபு. இரண்டு ஊரிலும் நம்பக்கூடிய ஒருவரும் இல்லையென்று பாண்டிருப்பிலிருந்து அழகரெத்தினம் என்ற பென்ஷன்காரரை நடுவராகக் கொண்டுவந்திருந்தார்கள். விளையாடும் முன் நானும் மீராசாஹிபுவும் கட்டிப்பிடித்து, கைகொடுத்து முஸாபஹா செய்தோம். "சம்மந்தி, பார்த்துப் போடுங்க" என்று சிரித்தார். கடைசி ஓவர் என் கையில் வந்தது. நிந்தவூருக்கு மிச்சம் ஒரேயொரு விக்கெட், ஒரு நாலு அடித்தால் போதும், மீராசாஹிபு மறுமுனையில் நிற்கிறார். நான் ஓடி வருகிறேன். வரும்போதே கண்ணின் ஓரத்தில் ஒரு வெள்ளை உருவம் என்னைத் தாண்டிப் போகிறது. பாங்குக்கு முன் தொழுகிற அதே மனிதர், அதே ஓட்டம்! மகளின் முகமும் என் நினைவுக்கு வரவில்லை, கட்டி வைத்த பெட்டிகளும் வரவில்லை. பந்தைப் போடாமல் கையை அப்படியே திருப்பி ஸ்டம்பைத் தட்டிவிட்டு, தொண்டை கிழிய "ஹவ்ஸ் தட்" என்று கத்தினேன்.

அழகரெத்தினம் கையைத் தூக்கிவிட்டார். நான் ஓடிப்போய் அவர் காதில், "ஐயா, இல்லையெண்டு சொல்லுங்க, அவரு எனக்குச் சம்மந்தி" என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீங்க கேட்டீங்க, நான் கையத் தூக்கிற்றன். தூக்கின கைய எப்பிடி எறக்கிற? கோட்டுக்கு வெளிய நிண்டவர் வெளியதான் போகணும். சம்மந்தத்த நீங்க ஊட்ட போய்ப் பேசுங்க" என்றார். நாங்கள் வென்றோம். என்னைத் தோளில் தூக்கினார்கள். அவ்வளவு உயரத்திலிருந்து பார்த்தபோது, மீராசாஹிபு கைகொடுக்கவும் நில்லாமல் மோட்டார் சைக்கிளில் ஏறிப்போவது நன்றாகத் தெரிந்தது.

நாள் குறிக்க அவர்கள் வருவதாகச் சொன்ன ஞாயிறு வந்தது, அவர்கள் வரவில்லை. மைமூனா வட்டிலப்பம் செய்து கொடுத்தனுப்பினாள். கிண்ணம் கழுவித் துடைத்து வெறுமையாகத் திரும்பி வந்தது. ஒரு பேரீச்சம்பழமாவது போடாமல் எந்த வீட்டிலிருந்தாவது கிண்ணம் வருமா காக்கா? மைமூனா அதைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு அலுமாரிக்குள் வைத்தாள். அம்ஹா நோன்பும் இல்லாமல் சாப்பிடாமல் இருக்கிறாள். பஸ் போகும்போது ஜன்னலைச் சாத்துகிறாள். நான் ஜெர்சியை நிலம் துடைக்கக் கொடுத்துவிட்டேன். இனி இந்த ஜென்மத்தில் பந்தைத் தொடமாட்டேன், விளையாடும் இடத்துக்கு நிழல்கூடப் போகாது. எனக்கென்று ஒரு சந்தோஷம் வந்தது, அது என் பிள்ளையின் சந்தோஷத்தைத் தின்றுவிட்டது. எனக்குத் தூக்கம் இல்லை. தயவுசெய்து நீங்கள் மீராசாஹிபுவுக்கு ஒரு ரெலிபோன் கோல் எடுத்து, என் தம்பி ஒரு மடையன், மன்னித்துவிடு என்று சொல்லுங்கள். அவர் கேட்பதை எல்லாம் கொடுப்பேன். எதைக் கேட்டாலும் மறுக்கமாட்டேன்.

மதினிக்கும் மருமக்களுக்கும் என் ஸலாம். உங்கள் ஆயுளிலும் ஆரோக்கியத்திலும் றப்பு பறக்கத் செய்வானாக.

உங்கள் துஆவைத் தவிர வேறு பீல்டர் இல்லாத தம்பி,
காலிதீன்

பிற்குறிப்பு: கோல் எடுக்க வேண்டாம். உறையை ஒட்டும் நேரத்தில் மீராசாஹிபு வந்துவிட்டார். நான் மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்ததும், "நான்தானே வெளிய நிண்ட, அதுக்கா கோவிப்பன்?" என்றார். கிண்ணத்தைப் பற்றி அவருக்கு ஒன்றுமே தெரியாது. அவர் கவலை வேறு. அஸ்கிதான் நிந்தவூர்க் கழகத்தில் முதலாவதாக இறங்கும் இடதுகைத் துடுப்பாட்டக்காரனாம். மாப்பிள்ளையாக இங்கே வந்துவிட்டால் மருதமுனைக்கு ஆடுவானே, புள்ளையைப் போட்டி நடக்கும் வெள்ளிக்கிழமையில் மட்டும் எங்களுக்கு விடுவீர்களா என்று கேட்கத்தான் இத்தனை நாளும் வெட்கப்பட்டுக்கொண்டு இருந்திருக்கிறார். நான் என்ன சொன்னேன் என்று எழுதவே கை கூசுகிறது. "அது மட்டும் ஏலாது" என்று சொல்லிவிட்டேன். அவர் தேத்தண்ணீரை வைத்துவிட்டு எழுந்துவிட்டார். மைமூனா நெஞ்சில் கை வைத்துவிட்டாள். அப்போதுதான் திரைக்குப் பின்னாலிருந்து அம்ஹாவின் சத்தம் வந்தது: "வாப்பா, அவரு நிந்தவூருக்கே ஆடட்டும். ஒங்கட பந்துக்கு அவரு நாலு சிக்ஸ் அடிச்சாத்தான் நீங்க ஊட்டுல இரிப்பீங்க." மீராசாஹிபு சிரித்த சிரிப்பில் கோழிகள் பறந்தன. ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்த மறுவாரம் கலியாணம், கட்டாயம் வாருங்கள். ஆனால் அதற்கு முன்பாக, இடதுகைக்காரனுக்கு ஸ்டம்பின் எந்தப் பக்கத்தால் ஓடிவந்து பந்து போடுவது என்பதை மறுதபாலில் எழுதுங்கள்.