சேவல் இல்லாத பண்ணை

"எல்லாம் அம்மா கோழியா கீதே, அப்பா கோழி எங்க?"

அம்முலுவுக்கு ஐந்து வயது. கோழிப் பண்ணையின் கம்பி வலையில் மூக்கை அழுத்திக்கொண்டு அவள் கேட்ட இந்தக் கேள்வியிலிருந்துதான் ஏகாம்பரத்தின் தூக்கம் போயிற்று.

மானாம்பதியில் வெள்ளைக்கோழிப் பண்ணை வைத்த முதல் ஆள் அவன். இப்படி ஒரு கேள்விக்காகவே காத்திருந்தவன் போல அவன் முகம் மலர்ந்தது.

"இங்க அப்பாவே கெடையாது கண்ணு. சேவல் இல்லாமலே இதுங்க முட்டை போடும்."

"அப்போ குஞ்சு எப்டி வரும்?"

"வராது. இந்த முட்டையில உசுரே இல்ல."

குழந்தை அதோடு விட்டுவிட்டது. அவளுக்குப் பின்னால், வயலுக்குக் கோழி எரு கேட்க வந்து நின்றிருந்த அவளுடைய தாத்தா வேதாசல முதலியார் விடவில்லை.

"உசுரே இல்லையா?"

"இல்லீங்க. சேவல் சேந்தாதான் கரு. சேராத முட்டை, பால் மாதிரி ஒரு வஸ்து."

முதலியார் தோளிலிருந்த துண்டை எடுத்து மறுபடியும் தோளிலேயே போட்டுக்கொண்டார். கிருத்திகை தவறாமல் விரதம் இருக்கும் சைவர். அவர் மகள் கனகா, அம்முலுவின் தாய், ஆறு மாதக் கர்ப்பிணி. நடுவில் ஒரு பிரசவம் வீணாகிவிட்டது. உடம்பில் ரத்தமில்லை, தினம் ஒரு முட்டையாவது கொடுங்கள் என்று உத்திரமேரூர் டாக்டரம்மா மூன்று முறை சொல்லிவிட்டாள். முருங்கைக்கீரை, பேரீச்சம்பழம் எல்லாம் கொடுத்துப் பார்த்தாகிவிட்டது. பெண்ணின் நகம் வெளுத்தது வெளுத்தபடியே இருந்தது.

"உசுரு இல்லன்னு நீ சொல்றே ஏகாம்பரம். முட்டை சொல்லுமா?"

"அடைக்கு வெச்சிப் பாருங்க. மூணு வாரம். ஒரு குஞ்சு பொரிஞ்சாலும் பண்ணைய மூடிடறேன்."

சொன்ன பிறகுதான் கடைசி வாக்கியம் தேவையில்லை என்று அவனுக்குத் தோன்றியது.

முதல் சிக்கல் அன்று மாலையே வந்தது. வெள்ளைக்கோழி முட்டை போடுமே தவிர அடை உட்காராது. கூடையில் உட்கார வைத்தால் எழுந்து போய்த் தீனி தின்றது. பண்ணையில் கூட்டிப் பெருக்கும் முனியம்மாளிடம் கேட்டான். ஏரிக்கரைக் குடிசைகளில் இருப்பவள்.

"என் கோழி ஒண்ணு அடைக்கு உக்காந்துக்கினு கீது நைனா. எடுத்தாறேன்."

"போன மாசம் ஒரு முட்டைய ஒடச்சிட்டேன்னு அழுதுக்கினு இருந்தியே. அதுக்கும் இதுக்கும் சரியாப் போச்சி."

"கோழி திரும்பி என் வூட்டுக்கு வந்துடும் இல்ல நைனா. அது எப்டி சரியாவும்?"

"அத அன்னிக்கே வுட்டுட்டேன் முனிம்மா. நீ இன்னும் வுடலியா?"

அவள் துடைப்பத்தை மூலையில் சாத்திவிட்டுப் போய்விட்டாள். எதற்காக இந்த அடை என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றவுமில்லை.

முதலியார் வீட்டு மாட்டுக் கொட்டகையில் கூடை வைக்கப்பட்டது. உமி, அதன்மேல் வைக்கோல், இடி இடித்தால் கரு கலங்காமலிருக்க ஒரு கரித்துண்டு, ஒரு இரும்பாணி. ஏகாம்பரம் ஆறு முட்டைகளைக் கொடுத்துவிட்டு விலகி நின்றான்.

"முட்டைய வெக்கிறப்போ எல்லாரும் கண்ண மூடிக்குங்க" என்றார் முதலியார். "சேவக்கொடி புடிச்சவனே, உண்மை எதுவோ அத நீயே காட்டு."

எல்லாரும் மூடிக்கொண்டார்கள். முனியம்மாள் முட்டைகளை அடுக்கி, கோழியை மேலே உட்கார வைத்தாள். கோழி திருப்தியாக ஒரு சத்தம் போட்டது. முதலியார் கொட்டகையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். முனியம்மாள் மறுநாளே புள்ளலூருக்கு அறுப்பு வேலைக்குப் போய்விட்டாள்.

மூன்று வாரம் சும்மா இருந்திருந்தால் ஏகாம்பரத்துக்கு ஒரு தொல்லையும் இல்லை. அவனால் சும்மா இருக்க முடியவில்லை. நாஷ்டா இறங்கவில்லை. பண்ணையைச் சுற்றிச் சுற்றி வந்தான். மூன்றாம் நாள், வேலிமேல் பக்கத்து வீட்டுத் தாண்டவராயனின் செவலைச் சேவல் நின்று பண்ணைக்குள் எட்டிப் பார்ப்பதைக் கண்டான். அது எத்தனை நாளாக எட்டிப் பார்க்கிறது என்ற நினைப்பு வந்ததும் அவன் நேராகப் பக்கத்து வீட்டு வாசலுக்குப் போனான்.

"தாண்டவராயா, உன் சேவலக் கொஞ்ச நாளைக்குக் கட்டிப் போடேன்."

"ஏன், என் சேவல் இன்னா தப்பு பண்ணிச்சி?"

"இது வரைக்கும் ஒண்ணும் பண்ணல."

"அப்புறம்?"

"பண்ணக் கூடாதுன்னுதான்."

தாண்டவராயனுக்குக் கோபம் வந்துவிட்டது. "தப்பு பண்றதுக்கு முன்னாடியே ஜெயிலா? ஊர்ல எவன்னா சேவலக் கட்டி வெச்சிப் பாத்துக் கீறியா நீ?" என்று தெருவுக்கே கேட்கும்படி பேசிவிட்டு, வீம்புக்காக, ஏகாம்பரத்தின் வேலியிலேயே அதைச் சணல் கயிற்றால் கட்டினான்.

அதுவரை எட்டிப் பார்ப்பதோடு நின்ற சேவல், கட்டியதும் பித்துப் பிடித்ததுபோல் ஆயிற்று. மறுநாள் காலை, ஓட்டை வலைக்குப் பதில் புது வலை போட ஏகாம்பரம் பண்ணைக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அளவெடுத்துக்கொண்டிருந்தான். சணல் அறுந்தது. சேவல் அவன் தலைமேல் காலை வைத்து உள்ளே குதித்தது.

அதைப் பிடிக்க ஏகாம்பரம் ஓடினான். அவன் மனைவி ஓடினாள். தாண்டவராயன், "என் சேவலை அடிச்சே, பாத்துக்க" என்று கத்திக்கொண்டு ஓடினான். தெருவே வேலியோரம் நின்று வேடிக்கை பார்த்தது. பிடிபட்டபோது சேவல் களைத்திருந்தது. ஆனால் அதன் முகத்தில் வருத்தம் இல்லை.

மாட்டு டாக்டரைத் தேடி ஏகாம்பரம் சைக்கிளில் பறந்தான்.

"ஒரே ஒரு தடவைதான் சார் உள்ள பூந்துச்சி."

"ஒரு தடவை போதும்பா. கோழி உடம்புக்குள்ள ரெண்டு வாரம் வரைக்கும் அது தங்கும். அதுவரைக்கும் போடற முட்டையில கரு இருக்கலாம்."

"அப்போ அது சைவ முட்டை இல்லீங்களா?"

டாக்டருக்கு இப்படி ஒரு பாடம் படித்ததாக நினைவில்லை. "அத நீ கோயில்லதான் கேக்கணும்" என்றார்.

உயிரில்லை என்று சொல்லி அந்த முட்டைகளை ஊருக்குள் விற்க அவன் மனம் இடம் தரவில்லை. இரண்டு வாரமும் எல்லாவற்றையும் பஸ்ஸில் ஏற்றிக் காஞ்சிபுரத்துக்கு அனுப்பினான். அங்கே ஓட்டல்காரர்கள் யாரும் சேவலைப் பற்றி விசாரிப்பதில்லை. ஊரிலோ, "முட்டைய ஏன் வெளியூருக்குக் கடத்தறான்? விஷயம் இன்னாமோ கீது" என்று பேச்சுக் கிளம்பியது.

இதற்கு நடுவே அவன் மனைவி தன் பங்குக்கு ஒன்று செய்தாள். சேவல் புகுவதற்கு முன் எடுத்து வைத்திருந்த முட்டையில் ஒன்றை அவித்து, உரித்து, முந்தானையில் மறைத்துக் கனகாவிடம் கொண்டுபோனாள்.

"வாயில போட்டுக்கோ கண்ணு. யாருக்கும் தெரியாது."

கனகா அந்த முட்டையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பசியில்லாத பார்வை என்று சொல்ல முடியாது.

"வாணாம்கா. அப்பா சாமி கிட்ட கேட்டுட்டு, பதிலுக்குக் காத்துக்கினு கீறாரு. அதுக்கு முன்னாடி நான் தின்னா அவரு கேட்டதுக்கு மரியாத இல்ல."

திரும்பும் வழியில் வாசலில் முதலியார் எதிரே வந்தார். மல்லிகைப்பூ வாசனை அடிக்க வேண்டிய முந்தானையில் அவித்த முட்டை வாசனை அடித்தது. அவர் ஒதுங்கி அவளுக்கு வழி விட்டார். அன்று மாலை ஏகாம்பரத்தைப் பார்த்தபோது மட்டும் மெதுவாகக் கேட்டார்.

"உனக்கே நம்பிக்கை இல்லையாப்பா?"

இதற்கு அவன் அடி வாங்கியிருந்தாலும் தேவலை.

மூன்று வாரமும் முதலியார்தான் கொட்டகையைத் திறந்து, கோழிக்குத் தானியமும் தண்ணீரும் வைத்தார். முட்டையைப் பார்ப்பதே பாவம் என்று முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு வைத்தார். அதனால் தானியத்தில் பாதி வெளியே விழுந்தது. அந்தக் கோழியும் யாரையும் கிட்டே விடாத கோழி. அவர் புறங்கையில் ஐந்தாறு கொத்து வாங்கியிருந்தார். ஏகாம்பரத்தை அந்தப் பக்கமே விடவில்லை.

கடைசி நாள் காலையில் முதலியார் வீட்டு ஆள் வந்து ஏகாம்பரத்தைக் கூப்பிட்டான்.

முதலியார் முற்றத்தில் நின்றிருந்தார். அவருடைய துண்டின்மேல் ஒரு குஞ்சு, முதுகில் கோடு போட்ட செவலைக் குஞ்சு, உலகம் தனக்காகவே உண்டானது போலக் கீச்சிட்டுக்கொண்டிருந்தது.

"தானியம் வைக்கப் போனேன். கால்கிட்ட வந்து நிக்குது."

"யாராவது முட்டைய மாத்தி..." என்று தொடங்கியவன் நிறுத்திக்கொண்டான். சாவி முதலியாரின் இடுப்பில் இருந்தது. அவரைத் திருடன் என்று சொல்ல அவனால் முடியாது.

செய்தி கேட்டுத் தாண்டவராயன் வந்து சேர்ந்தான். குனிந்து குஞ்சைப் பார்த்தான். அத்தனை நாள் கோபம் முகத்தைவிட்டு இறங்கிற்று.

"மூக்கப் பாரு. கலரப் பாரு. அப்டியே நம்ம ஆளு" என்றான் பெருமையாக. "அன்னிக்கி நீ பாத்தது ஒரு தடவ. பாக்காதது எத்தினி தடவையோ."

ஏகாம்பரத்துக்கும் அதுவே பட்டது. "பண்ணைய மூடிடறேங்க" என்றான் தலையைக் குனிந்துகொண்டு.

"பண்ணை கெடக்கட்டும்பா" என்றார் முதலியார். "சாமி பதில் சொல்லிடுச்சி. இனிமே பொண்ணுக்கு நான் இன்னா குடுக்கறது? அதச் சொல்லு."

கனகா வாசற்படியில் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். குஞ்சைப் பார்த்துச் சிரித்தாள். சிரிக்கும்போதுகூட உதட்டில் ரத்த நிறம் இல்லை. அம்முலு, "அப்பா கோழி வந்துச்சா?" என்று கேட்டாள்.

அப்போது இடுப்பில் அரிவாளும் தலையில் ஒரு மூட்டையுமாக முனியம்மாள் வந்து நின்றாள். அறுப்பு முடிந்து நேராகப் புள்ளலூரிலிருந்து வருகிறாள்.

"கோழிய எட்த்துக்கினு போலாம்னு வந்தேன் சாமி."

மூட்டையை இறக்கி வைத்துவிட்டு அவளே கொட்டகைக்குள் போனாள். அவள் கைக்கு மட்டும் அந்தக் கோழி கட்டுப்பட்டது. ஒரு கையால் கோழியைத் தூக்கி இடுக்கிக்கொண்டு, மறு கையால் கூடையை முற்றத்துக்கு இழுத்து வந்தாள். ஒரு முட்டையை எடுத்துக் காதோரம் ஆட்டினாள். உள்ளே தண்ணீர் குலுங்கியது. அடுத்ததை ஆட்டினாள். அதுவும் குலுங்கியது.

"எல்லாம் கூமுட்ட சாமி. ஆறும் கூமுட்ட."

"எத்தினி?" என்றான் ஏகாம்பரம்.

"ஆறு."

அவன் கூடைக்குள் எட்டிப் பார்த்தான். ஆறு முட்டைகள். ஆறும் வெள்ளை. பக்கத்தில், உடைந்த ஓடு ஒன்று. அது மட்டும் பழுப்பு நிறம்.

முதலியார் பிறந்ததிலிருந்து முதல்முறையாக முட்டைகளை நேராகப் பார்த்தார். விரல் விட்டு எண்ணினார். "ஆறு வெச்சோம். ஆறும் இருக்கு. அப்போ இந்தக் குஞ்சு?"

முனியம்மாளுக்கு முகம் சுருங்கிவிட்டது. குஞ்சை எடுத்து ஏகாம்பரத்தின் உள்ளங்கையில் வைத்தாள்.

"அன்னிக்கி ஒடச்சேனே, அந்த முட்டக் கடன் நைனா. கையில குடுத்தா வாங்க மாட்ட. அதான், எல்லாரும் கண்ண மூடிக்கினு சாமி கும்பிட்டப்போ என் வூட்டு முட்டை ஒண்ண கூடையில சேத்து வெச்சிட்டேன்."