மூன்று விரல் உயர்ந்த மூக்கு

சரிந்திருக்கும் எதையும் பார்த்துக்கொண்டு என்னால் சும்மா இருக்க முடியாது. கலியாண வீட்டுக்குப் போனால் மணமக்களைப் பார்ப்பதற்கு முன் சுவரில் கோணலாகத் தொங்கும் படத்தை நேராக்கிவிட்டுத்தான் கதிரையில் உட்காருவேன். (இதுவரை இரண்டு படங்களின் கண்ணாடிதான் உடைந்திருக்கிறது.)

இது பரம்பரை வியாதி. நாங்கள் திருக்கேதீஸ்வரத்துக்கு அப்பால் வயல் செய்கிறவர்கள். வரம்புக்குள் தண்ணீர் ஒரு பக்கம் கூடி மறுபக்கம் குறைந்தால் அப்பாவுக்குச் சோறு இறங்காது. அந்த வீட்டிலிருந்து நான் பாலம் கடந்து மன்னார்த் தீவுக்குள் வந்து, பள்ளிமுனையில் கடற்றொழில் செய்யும் கத்தோலிக்கக் குடும்பத்தில் ஜெனிற்றாவைக் கலியாணம் செய்தேன். எட்டு மாதமாகியும் எங்கள் ஒழுங்கைத் தெருவில் ஒருவரும் என் பெயரைச் சொல்லிக் கூப்பிடவில்லை. 'வயல்காரன்' என்றுதான் சொன்னார்கள்.

மாமாவிடம், அதாவது ஜெனிற்றாவின் அப்பாவிடம், ஒரு பிக்கப் இருந்தது. வருடம் முழுவதும் மீன்பெட்டி ஏற்றும். ஒரே ஒரு நாள், திருநாளன்று, நன்றாகக் கழுவப்பட்டு, ஒழுங்கை முகப்பில் உள்ள கெபி என்ற சின்னக் குகைக்கோயிலின் அந்தோனியாரை ஏற்றிக்கொண்டு ஊர் சுற்றும். தொலைந்த பொருளைத் தேடித் தருகிறவர் என்பதால் எங்கள் ஒழுங்கையில் அவருக்கு ஓய்வே கிடையாது. பதினாறு வருடமாக அந்தப் பவனியில் பிக்கப்பை ஓட்டியவர் மாமா. அந்த வருடம் முழங்கால் மடங்காமல் போகவே, "இந்தமுறை மருமகன் ஓட்டட்டும்" என்றார்.

எனக்குப் புல்லரித்துவிட்டது. ஒழுங்காக ஓட்டி முடித்தால் நானும் பள்ளிமுனையான். பிழைவிட்டால் சாகும்வரை வயல்காரன். அதை நினைத்து இரண்டு நாள் நித்திரையே வரவில்லை.

மூன்றாம் நாள் பிக்கப்பைத் தள்ளி நின்று பார்த்தேன். ஐயோ, அதன் முன்பக்கம் தாழ்ந்து பின்பக்கம் தூக்கியிருந்தது! எட்டு மாதம் அதிலேயே திரிந்திருக்கிறேன், கண்ணில் படவில்லை. அந்தோனியாரை ஏற்றினால் முகங்குப்புறச் சரிந்து நிற்பாரே, பாவம். பதினாறு வருடமாக ஒருவருக்கும் இது தெரியவில்லையே என்று கவலைப்பட்டேன். (எனக்கு மட்டும் தெரிந்துவிட்டதே என்று சந்தோஷமும் பட்டேன்.)

பட்டணத்தில் மெக்கானிக் றெஜியிடம் ஓடினேன்.

"அண்ணை, பின்னுக்குப் பாரம் ஏத்தத்தானே அப்பிடிச் செய்து விட்டிருக்கிறாங்கள். மீன்பாரம் முழுக்க ஏறினாத்தான் பின்பக்கம் தாழ்ந்து சரியா வரும். தேவையில்லாமக் கை வையாதேங்கோ" என்றான் றெஜி.

"முன்பக்கத்தை உயர்த்த ஏலுமோ, ஏலாதோ? அதைச் சொல்லும்."

"ஏலும். முன்சில்லுகளைத் தாங்கிற முறுக்குக் கம்பி ரெண்டு அடியிலை ஓடுது. அதின்ரை போல்ட்டை இறுக்கினா மூக்கு எழும்பும். ஆனா அண்ணை..."

'ஆனா'வுக்குப் பிறகு அவன் சொன்னதை நான் கேட்கவில்லை. போல்ட் முறுக்கும் அவனுடைய பெரிய சாவியை இரவல் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

மாமா பேசாலையில் ஒரு செத்தவீட்டுக்குப் போயிருந்த பகலில் வேலை நடந்தது. மேசன்மார் பாவிக்கும் நீர்மட்டக் கருவியைப் பிக்கப்பின் தட்டில் வைத்துவிட்டு, அடியில் படுத்து போல்ட்டை இறுக்கினேன். எழும்பி வந்து அதன் குமிழியைப் பார்த்தேன். மறுபடி படுத்தேன், இறுக்கினேன். இப்படி முப்பது தரமாவது படுத்து எழும்பியிருப்பேன். கடைசியில் மூக்கு மூன்று விரல் உயர்ந்து, குமிழி நட்டநடுவில் வந்து நின்றது. வெற்றிக் களிப்பில் இன்னும் ஒரு முறுக்கு முறுக்கியதில் இரண்டு போல்ட்டின் தலையும் வழுக்கி வட்டமாகிப் போனது. அதனாலென்ன, இனி யார் கழற்றப் போகிறார்கள் என்று நினைத்தேன்.

ஜெனிற்றா தேத்தண்ணியோடு வந்து பார்த்தாள். "அப்பாட்டைக் கேட்டனீங்களோ?"

"திருநாளண்டைக்கு அவரே பாத்துச் சந்தோஷப்படட்டும்."

அவள் என்னை ஒருமாதிரிப் பார்த்துவிட்டுப் போனாள். அந்தப் பார்வையை நான் காதல் என்று எடுத்துக்கொண்டேன்.

திருநாள் பின்னேரம் நான்கு மணிக்குக் கெபியடியில் ஊரே கூடியிருந்தது. எட்டுப் பேர் அந்தோனியாரின் கூட்டைத் தூக்கி வந்தார்கள். கூடு என்பது சொரூபம் நிற்கும் மரப்பீடமும், அதைச் சுற்றிப் பூவும் மின்குமிழ்களுமாக வளைத்துக் கட்டிய அலங்காரமும். பீடத்தைப் பிக்கப்பில் வைத்து நான்கு போல்ட் பூட்டினார்கள். தட்டின் கடைசியில் ஜெனரேட்டரை ஏற்றினார்கள். அதைப் பிடிக்க இரண்டு தடித்த மனிதர்கள் ஏறினார்கள். பின்பக்கம் கீழே போனது. மூக்கு இன்னும் மேலே போனது.

அந்தோனியார் அண்ணாந்து வானத்தைப் பார்த்தார்.

கூட்டத்திலிருந்து ஓடாவியார், அதாவது வள்ளம் கட்டுகிறவர், அந்தப் பீடத்தையும் செய்தவர், பாய்ந்து வந்தார்.

"கூட்டை ஏத்தினாலும் இந்தப் பிக்கப் முன்னுக்குச் சரிவெண்டுதானே பீடத்தின்ரை முன்காலை மூண்டு விரல் உயர்த்திச் செய்தனான்! ஆர் இதிலை கை வைச்சது?"

என்னைத் தவிர எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் பிக்கப்பைப் பார்த்தேன். அது முன் அணியம் தூக்கிய வள்ளம் மாதிரி நின்றது.

அடுத்த கால் மணி நேரத்தை நான் மறக்க விரும்புகிறேன், ஊர் விடுவதாக இல்லை. போல்ட்டை இளக்கலாமா என்றால் அதற்குத் தலையே இல்லை. பின்காலுக்குப் பலகை வைக்கலாமா என்றார் பங்குச் சுவாமி. "வைச்சாப் பூட்டிற போல்ட் எட்டாது சுவாமி. ஒழுங்கையிலை முதல் பள்ளக் கிடங்கிலேயே அந்தோனியார் இறங்கி நடந்து வருவார்" என்றார் ஓடாவியார். தொலைந்ததைத் தேடித் தருகிறவர் ஆயிற்றே என்று, என் மானத்தை நான் அவரிடமே கேட்டு மன்றாடினேன். அவர் வானத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

மாமா தடியை ஊன்றிக்கொண்டு பிக்கப்பை ஒரு சுற்றுச் சுற்றினார். "கூட்டை மறுவளமாத் திருப்பி ஏத்துங்கோ" என்றார்.

திருப்பி ஏற்றினார்கள். உயர்ந்த கால் இப்போது தாழ்ந்த பின்பக்கத்தில் வந்தது. அந்தோனியார் நிமிர்ந்து நின்றார். ஆனால் அவருடைய முகம் பின்பக்கம் பார்த்தது.

"போற பாதைக்கு முதுகைக் காட்டிக்கொண்டோ போறது?" என்று யாரோ கேட்டார்கள்.

"ஏன் முதுகைக் காட்டுறார்? மருமகன் ரிவேர்சிலை போவார்" என்றார் மாமா.

நான் போனேன். முக்கால் மைல், மணல் ஒழுங்கைகளில், பின்பக்கமாக.

ரிவேர்ஸில் போவதில் உள்ள மிகப்பெரிய துன்பம் கழுத்துவலி என்று நினைப்பீர்கள். இல்லை. பவனியில் சனம் வாகனத்துக்குப் பின்னால்தான் நடந்து வரும். வாகனமே பின்பக்கமாகப் போனால், அந்தச் சனம் முழுவதும் முன்கண்ணாடிக்கு நேரே வந்துவிடும். ஊர் முழுவதும் மெழுகுதிரியோடு என் முகத்தைப் பார்த்துக்கொண்டு செபம் சொல்லியது. முன்வரிசையில் ஜெனிற்றா. அவள் தோள் குலுங்கியது பக்தியினால் அல்ல.

அத்தோடு நான் கலியாணமான புதிதில் ஆசைப்பட்டுப் பூட்டிய ரிவேர்ஸ் ஹோர்னும் விடவில்லை. ஒவ்வொரு செபத்துக்கு நடுவிலும் 'பீப், பீப்' என்றது. பாண்ட் வாத்தியக்காரர் கொஞ்ச நேரம் அதோடு போராடிப் பார்த்துவிட்டு, பிறகு அதற்கே தாளத்தைக் கட்டிக்கொண்டார்கள்.

பாதி வழியில் ஒரு கழுதை ஒழுங்கைக்குக் குறுக்கே நின்றது. மன்னார்க் கழுதைக்கு ஹோர்ன் ஒரு பொருட்டே இல்லை. பக்கத்தில் நடந்து வந்த ஓடாவியார் பிக்கப்பின் தட்டில் தட்டி "நில்லும், நில்லும்" என்று கத்தினார். கழுதை அந்தோனியாரை ஆறுதலாகப் பார்த்துவிட்டு, விலகி, பவனியில் சேர்ந்துகொண்டது. சனத்துக்குள் முகம் தெரியாமல் நடந்த அந்தக் கழுதைமேல் எனக்குப் பொறாமையாக இருந்தது.

ஒருவழியாகக் கெபிக்குத் திரும்பினோம். வேலி ஒன்றும் விழவில்லை. அந்தோனியார் ஒரு விரல்கூடச் சரியவில்லை. மாமா என் கதவடிக்கு வந்தார். வண்டித் திறப்பைக் கேட்கப்போகிறார் என்று நானே அதைக் கழற்றி நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"பதினாறு வருசம் ஓட்டினனான் மருமகன், ஒருத்தரும் என்ரை முகத்தைப் பாக்கேல்லை. உங்கடை முகத்தை இண்டைக்கு ஊர் முழுக்கப் பாத்திட்டுது. இனி உங்களை ஆரும் வெளியாள் எண்டு சொல்ல ஏலாது."

சொல்லிவிட்டு அடக்க முடியாமல் சிரித்தார். எனக்கு அழுகை வந்தது. கழுத்தைத் திருப்ப முடியாததால் அதை மறைக்கவும் முடியவில்லை.

றெஜி புதுப் போல்ட் போட்டு மூக்கைப் பழையபடி இறக்கிவிட்டான். 'வயல்காரன்' என்ற பெயரும் அன்றோடு போனது. இப்போது நான் 'ரிவேர்ஸ்' அண்ணன். வருடாவருடம் நான்தான் ஓட்டுகிறேன். திருநாள் கிழமை பிறந்தால் ஓடாவியார் வீட்டுக்கு வருவார். முதலில் பிக்கப்புக்கு அடியில் குனிந்து பார்ப்பார், அதற்குப் பிறகுதான் என்னைச் சுகம் விசாரிப்பார்.

ஜெனிற்றா அதற்கும் ஒரு கிழமை முந்தியே போல்ட் முறுக்கும் என் சாவிப் பெட்டியை எங்கேயோ ஒளித்துவிடுவாள். இந்த வருடமும் வீடு முழுவதும் தேடிவிட்டுக் கேட்டேன்.

"சாவிப்பெட்டியைக் காணேல்லை, எங்கையப்பா?"

"அந்தோனியாரிட்டைக் கேளுங்கோ" என்றாள். "ஊருக்கெல்லாம் தேடிக் குடுக்கிறவர், உங்களுக்கு மட்டும் குடுக்கமாட்டார்."