ஷாம்பு போட்ட கிடா

படித்த எதையும் நான் மறந்ததில்லை. தேவைப்படும் நிமிடத்தில் மட்டும் அது ஞாபகத்துக்கு வராது. (பரீட்சை ஹாலிலேயே தொடங்கிய வியாதி.) அத்தையின் ஆடுகள் விஷயத்தில் அது உச்சத்துக்குப் போனது.

அத்தை என்றால் என் மாமியார். செஞ்சிக் கோட்டை மலையடிவாரத்தில் வீடு. அந்த வீட்டில் அவர் ஒரு குரல் கொடுத்தால் உடனே ஓடி வருவது அவருடைய எட்டுப் பெட்டை வெள்ளாடுகள் மட்டும்தான். அந்தக் கோடையில் அவற்றில் ஒன்றுகூடச் சினை பிடிக்கவில்லை.

"தீனிக்குத் தண்டம். ஆடி வரைக்கும் பாப்பேன், அப்புறம் எட்டையும் சந்தைக்கு ஏத்திடுவேன்" என்று மாமனார் சொல்லிவிட்டார். அத்தை அன்று சாப்பிடவில்லை.

அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன். கல்யாணமாகி ஆறு மாதம். மூன்று நாள் ஆடு வளர்ப்புப் பயிற்சிக்குப் போய்வந்த சான்றிதழ் வேறு பீரோவில் இருந்தது.

"அத்தை, கிடா வாசனையே படாம பெட்டைங்கள ரெண்டு மாசம் பிரிச்சி வெக்கணும். அப்புறம் திடீர்னு ஒரு புதுக் கிடாவ உள்ள வுட்டா, அந்த வாசனைக்கே பருவத்துக்கு வந்துடுமாம். சீசன் இல்லன்னாலும் வருமாம்."

கஞ்சி ஊற்றி வளர்த்த தன் கிடாவை, என் பேச்சை நம்பி, பனமலையில் இருக்கும் என் நாத்தனார் வீட்டுக்கு அனுப்பினார் அத்தை. வண்டி போனதும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானோ அதிகாரியாகிவிட்டேன். தெருவில் எந்தக் கிடா தலைகாட்டினாலும் குச்சியோடு ஓடினேன். கிடா வைத்திருக்கும் சொந்தக்காரர்களைக் கைகால் கழுவ வைக்காமல் பட்டிப் பக்கம் விடவில்லை. "வாசனைதான் மருந்து" என்று நாளுக்கு நாலு முறை பாடம் வேறு எடுத்தேன்.

ரெண்டு மாதம் முடிந்து அந்த நாள் வந்தது. அவலூர்பேட்டையில் என் பெரியப்பா வீட்டுக் கிடாவைக் கொண்டுவர நானே போனேன். நல்ல முரடு. தன் தாடியிலேயே மூத்திரம் பெய்து ஊறவைத்துக்கொள்ளும். (கிடாக்கள் எல்லாமே அப்படித்தான். அவற்றுக்கு அதுதான் சென்ட்.) லோடு ஆட்டோக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"யக்கா, இத ஏத்துனா நாளைக்கி என் வண்டில காய் ஏத்த எவன் வருவான்? கழுவி இட்டுக்கினு வா, இல்லன்னா ஆள வுடு."

கழுவினேன். முதலில் தாடியையும் கழுத்தையும் என் துண்டால் அழுந்தத் துடைத்தேன். பிறகு பம்புசெட்டில் நிறுத்தி மூன்று பாக்கெட் ஷாம்பு போட்டுத் தேய்த்தேன். காய்ந்ததும் கொஞ்சம் பவுடரும் போட்டேன்.

வீட்டில் அக்கம்பக்கத்துச் சனம் கூடியிருந்தது. பட்டியைத் திறந்தேன். கிடா கம்பீரமாக உள்ளே போனது. மூத்த பெட்டை கிட்டே வந்து முகர்ந்து பார்த்து, ஒரு தும்மல் தும்மியது. மற்றவை அகத்தித் தழைக்குத் திரும்பிவிட்டன.

கொஞ்ச நேரத்தில் எட்டும் வாலை ஆட்டிக்கொண்டு ஓடி வந்தன. கிடாவிடம் இல்லை, என்னிடம்! சுற்றி நின்று என் தோளில் கிடந்த துண்டை முகர்ந்தன.

"கிடாவ இன்னாம்மா பண்ண?" என்றார் அத்தை.

"குளிப்பாட்டுனேன், அத்தை."

"இன்னாத்துக்கு?"

"நாத்தம் அடிச்சிது..."

சொல்லி முடிக்கும்போதுதான் நான் எடுத்த பாடம் எனக்கே ஞாபகம் வந்தது.

"மருந்த கொட்டிட்டு காலி பாட்டில கொண்டாந்திருக்குது பொண்ணு. நான் சந்தைக்கு வண்டி சொல்லிடறேன்" என்றார் மாமனார். எனக்கு அழுகை முட்டியது. ஆடுகளுக்காக அல்ல, பனமலைக்கு வண்டி போன அன்று அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டதை நினைத்து.

அத்தை திட்டுவார் என்று நின்றேன். அவர் என் துண்டை உருவி முகர்ந்தார். குமட்டிக்கொண்டே சிரிக்க ஆரம்பித்தார். தன் கிடாவை அனுப்பிய பிறகு அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

"மருந்து எங்கயும் போவல, இதுல இருக்குது" என்று அதைத் தீனித்தொட்டிக்கு மேலே கட்டிவிட்டார். "கிடா தானா நாறிடும். நாலு நாள் தண்ணி படாம மட்டும் பாத்துக்க."

பார்த்துக்கொண்டேன். தூறல் விழுந்தபோது கிடாவுக்குக் குடை பிடித்தேன். (என் கணவருக்கு அந்த மரியாதை இன்றுவரை கிடைத்ததில்லை.) நாலாம் நாள் அது நாற ஆரம்பித்ததும் எனக்கு உயிர் வந்தது. பத்து நாளைக்குள் பட்டி முழுக்கப் பருவத்துக்கு வந்த பெட்டைகளின் கத்தல். ஆடி முடிவதற்குள் ஆறு ஆடு சினை என்று அத்தை அடித்துச் சொன்னார். மாமனார் சந்தைப் பேச்சை விட்டார். மார்கழியில் குட்டிகள் துள்ளியபோது பனமலைக் கிடாவும் வீடு திரும்பியிருந்தது.

போன மாதம் என் கொழுந்தன் பெண் பார்க்கப் புறப்பட்டான். ஒரு மணி நேரமாகியும் குளியலறையை விட்டு வெளியே வரவில்லை. அத்தை போய்க் கதவைத் தட்டினார்.

"போதும் வாடா! ரொம்பக் கழுவுனா பொண்ணு தும்மிட்டுப் பூடும். வேணும்னா உங்க அண்ணி துண்டு இருக்குது, போத்திக்கினு போ."

அந்தத் துண்டு இன்னும் பட்டியில்தான் தொங்குகிறது. அதைத் துவைக்க மட்டும் எனக்கு அனுமதி இல்லை.